திரும்பி வராத 388 மீன்கள்

கேள்வி: மீன்வளத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் பக்கத்து அணையில் 400 கட்லாவைப் பிடித்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே டி-பார் டேக் (அடையாளத்துக்கான பிளாஸ்டிக் நூல்) போட்டுத் திரும்ப விட்டேன். அடுத்த மூன்று மாதத்தில் மீனவர் சங்கத் தராசுக்கு வந்த 1,500 கட்லாவில் 12 மீனில்தான் டேக் இருந்தது. இதில் 900 மீனை நானே கூட இருந்து பார்த்தேன்; 9 டேக் கிடைத்தது. நான் போகாத நாட்களில் வந்த 600 மீனிலிருந்து 3 டேக்கைப் பரிசல்காரர்கள் எடுத்துவைத்துக் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் அணையில் 50,000 கட்லா என்று வருகிறது. "அவ்வளவு மீன் இருந்தா நாங்க ஏம்மா பாதி நாள் வெறும் வலையோட வர்றோம்?" என்று கேட்கிறார்கள். போன வாரம் ஒருவர் காட்டிய மீனில் டேக் இருக்க வேண்டிய இடத்தில் தழும்பு மட்டும் இருந்தது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? டேக் விழுந்தது எத்தனை, மீன் செத்தது எத்தனை என்று இனிமேல் பிரிக்க முடியுமா? ஆய்வேட்டை முடிக்க நான்கு மாதம்தான் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

அந்தத் தழும்பு மீனை எடுத்துவந்து காட்டியவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். உங்கள் மூன்று மாத உழைப்பில் கிடைத்த தகவல்களிலேயே எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். உங்கள் மீன் ஒன்று டேக்கை இழந்த பிறகும் உயிரோடு நீந்தி, வளர்ந்து, வலையில் விழுந்திருக்கிறது. அதே மீன் வேறொருவர் கையில் கிடைத்திருந்தால் "டேக் இல்லாத மீன்" என்று எழுதி முடித்திருப்பீர்கள்.

நீங்கள் போட்ட கணக்கு டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான்னஸ் பெட்டர்சன் பெயரால் வழங்குவது. 1890களில் லிம்ஃபியோர்ட் கடற்கழியில் தட்டை மீன்களுக்கு வில்லை மாட்டி விட்டவர் அவர். டேக் போட்ட மீனின் எண்ணிக்கையைச் சோதித்த மீனின் எண்ணிக்கையால் பெருக்கி, அதில் டேக்கோடு கிடைத்ததால் வகுக்க வேண்டும். 400 பெருக்கல் 1,500, வகுத்தல் 12. விடை 50,000. கணக்கில் பிழை இல்லை. ஆனால் நீங்கள் விட்ட 400 மீனும் உயிரோடும் டேக்கோடும் அணைக்குள் இருக்கின்றன, பிடிபட்ட டேக் ஒவ்வொன்றும் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று இந்தச் சூத்திரம் நம்பிக்கொள்கிறது. டேக் விழுந்தாலும், டேக் போட்டதால் மீன் செத்தாலும், வலைக்காரர் டேக்கைக் கொடுக்காமல் விட்டாலும் வகுக்கும் எண் ஒன்றுதான் சிறுக்கும். அது சிறுத்தால் விடை பெருக்கும். அணையில் இல்லாத மீனை இருப்பதாகக் காட்டும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வோம். இயற்கையாகச் சாகும் மீனைப் பற்றி இந்தக் கணக்கில் கவலைப்பட வேண்டாம். டேக் உள்ளது, இல்லாதது இரண்டும் ஒரே விகிதத்தில் செத்தால் விகிதம் மாறாது. நீங்கள் டேக் போட்ட நாளில் இருந்த எண்ணிக்கை சரியாகவே கிடைக்கும். டேக் போட்டதனாலேயே கூடுதலாகச் செத்தவைதான் கணக்கைக் கெடுக்கும். ஆய்வுக்கூட்டங்களில் இந்த இரண்டு சாவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நீங்கள் நின்று பார்த்த 900 மீனில் 9 டேக், அதாவது நூற்றுக்கு ஒன்று. நீங்கள் இல்லாத 600 மீனில் 3, அதாவது இருநூற்றுக்கு ஒன்று. இரண்டும் ஒரே அணை, ஒரே வலை, ஒரே பரிசல். அப்படியானால் நீங்கள் இல்லாத நாளில் வந்த டேக்கில் சுமார் பாதிதான் உங்களை வந்து சேர்ந்திருக்கிறது. வலைக்காரர் ஏமாற்றினார் என்று நினைத்துவிடாதீர்கள். விடியற்காலையில் மங்கிய வெளிச்சத்தில் வலையிலிருந்து மீனைப் பிய்த்துப் போடும்போது, பாசி படிந்து பச்சையாகிவிட்ட ஒரு பிளாஸ்டிக் நூல் யார் கண்ணில் படும்? ஆகவே அந்த 600 மீனையும் 3 டேக்கையும் இந்தக் கணக்கிலிருந்து அப்படியே எடுத்துவிடுங்கள். 400 பெருக்கல் 900, வகுத்தல் 9. விடை 40,000. ஒரே அடியில் பத்தாயிரம் மீன் காணாமல் போனது. அந்த மீன்கள் அணையில் இருந்ததே இல்லை.

கொடுக்கப்படாத டேக் என்பது பெரிய ஆய்வுகளையும் விட்டதில்லை. இந்தியப் பெருங்கடலில் 2005 முதல் 2007 வரை 1.68 லட்சம் சூரை மீன்களுக்கு டேக் போட்டார்கள். திரும்பி வந்த டேக்கில் பெரும்பகுதி செஷல்ஸ் நாட்டுத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து மீன் இறக்கும்போது கிடைத்தது. இறக்குகிறவர்கள் எத்தனை டேக்கைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று தெரிய வேண்டுமே! அதற்காக, கப்பலில் ஏற்கெனவே பிடித்துச் செத்துக் கிடந்த சூரைகளில் சிலவற்றுக்கு ரகசியமாக டேக் செருகி, மற்ற மீனோடு குளிரறைக்குள் கலந்துவிட்டார்கள். எத்தனை செருகினோம் என்பது தெரியும். எத்தனை திரும்பி வந்தது என்பதும் தெரியும். மிச்சம் கவனக்குறைவின் அளவு. உங்கள் தராசடியிலும் இதைச் செய்யலாம். சங்கச் செயலாளரிடம் மட்டும் சொல்லிவிட்டு, காலையில் கரைக்கு வரும் கூடைகளில் இருபது முப்பது மீனுக்கு டேக் செருகிப் பாருங்கள். எண்களைத் தனியாகக் குறித்து வையுங்கள், அசல் கணக்கோடு கலந்துவிடக் கூடாது.

அடுத்தது டேக் விழுவது. இது ஒரே மாதிரி நடப்பதில்லை. முதல் சில நாட்களிலேயே ஒரு கூட்டம் விழுந்துவிடும். அது பெரும்பாலும் போட்ட கையின் தவறு. பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விழும். அது பாசியின் பாரம், வலையின் இழுப்பு, புண்ணின் அழுகல், பிளாஸ்டிக்கின் முதுமை. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பது மீன்வளக் கணக்கில் பல ஆண்டுகளாக உள்ள வழக்கம்.

கையின் தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே அதைச் செய்திருக்கிறேன். டி-பார் டேக்கைச் செருகும் கருவி, துணிக்கடையில் விலைச்சீட்டு மாட்டும் துப்பாக்கியின் உறவுதான். ஊசி உள்ளே போகும், விசையை அழுத்தினால் டி வடிவக் குறுக்குத்துண்டு தசைக்குள் விழும். அது வெறும் தசையில் விழுந்தால் நிற்காது. முதுகுத் துடுப்பைத் தாங்கும் உள்முட்கள் வரிசையாக இருக்கின்றனவே, அவற்றைத் தாண்டி மறுபக்கம் போய்ச் சிக்க வேண்டும். நான் முதன்முதலில் கெண்டைகளுக்கு டேக் போட்ட அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. மறுநாள் காலை தொட்டியைப் பார்த்தால் அடியில் மஞ்சள் நூல்கள் கிடந்தன. அதற்கு மேலே மீன்கள் ஒன்றும் நடக்காத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. தொட்டி என்பதால் கண்ணில் பட்டது. அணையாக இருந்திருந்தால் எனக்குத் தெரியவே போவதில்லை. அன்றிலிருந்து என் கை ஒரு பழக்கத்தை விடவில்லை. ஒரு செதிலை எடுத்துவிட்டு, ஊசியைத் தலைப்பக்கம் நோக்கிச் சாய்வாகச் செலுத்தி, முள்ளில் உரசுவதை விரலில் உணர்ந்து, விசையை அழுத்தி, ஊசியைக் கால் திருப்பு திருப்பி எடுத்து, கடைசியில் டேக்கை மெல்ல ஒரு இழு இழுத்துப் பார்ப்பேன். சிக்கியிருந்தால் மீனின் உடம்பே கூட வரும். வழுக்கி வந்தால் அந்த மீனை அன்று விட மாட்டேன். டேக் போட்டவர் யார் என்பதை ஒவ்வொரு மீனுக்கு நேராகவும் எழுதி வைத்தீர்களா? உங்களோடு வேறு யாராவது போட்டிருந்தால், கிடைத்த 9 டேக்கும் யார் போட்டவை என்று பாருங்கள். எல்லாம் ஒருவர் போட்டதாகவே இருந்தால் அதுவும் ஒரு செய்தி.

விழுந்ததை அளக்க நல்ல வழி ஒரே மீனுக்கு இரண்டு டேக் போடுவது. இரண்டும் இருக்கும் மீன், ஒன்று மட்டும் இருக்கும் மீன் என்று எண்ணினால் போதும். 20 மீன் திரும்பி வந்து, 14-இல் இரண்டும், 6-இல் ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 டேக்கில் 6 போயிற்று, இழப்பு 15 சதவீதம் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. இரண்டையுமே இழந்த மீன் உங்கள் 20-க்குள் வரவே வராது. அதையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு இது: ஒன்று மட்டும் உள்ள மீன்களை, அந்த எண்ணோடு இரண்டும் உள்ளவற்றின் இரு மடங்கைக் கூட்டி வகுக்க வேண்டும். 6 வகுத்தல் 34. ஒரு டேக் விழும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம். இரண்டும் விழுவது நூற்றுக்கு மூன்று மீன். இந்தக் கணக்கிலும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஒரு டேக் விழுவதற்கும் மற்றது விழுவதற்கும் சம்பந்தமில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. புண் அழுகிய மீனுக்கு இரண்டும் சேர்ந்தே போகும். அதனால் முடிந்தால் மூன்றாவதாக ஒரு குறியும் வையுங்கள். ஒரு பக்கத்து வயிற்றுத் துடுப்பை அடியோடு வெட்டிவிட்டால் சில மாதத்துக்குத் தெளிவாகத் தெரியும். நுனியை மட்டும் வெட்டினால் வளர்ந்து மூடிவிடும்.

"நான் பிட் டேக் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே இருக்காது" என்று நீங்கள் நினைக்கலாம். உடலுக்குள் ஊசியால் செலுத்தும் 12 மில்லிமீட்டர் கண்ணாடிக் குப்பிதானே, எங்கே விழப்போகிறது என்றுதான் பலரும் நம்பினார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாகிமா ஆற்றில் அதைச் சோதித்தார்கள். பொரிப்பகத்தில் வளர்த்த சினூக் சால்மன் குஞ்சுகளுக்குப் பிட் டேக்கோடு, இரண்டாவது அடையாளமாகக் குறியீடு பொறித்த சிறு கம்பித் துணுக்கையும் சேர்த்து வைத்து விட்டார்கள். குஞ்சுகளை ஆற்றில் விடுவதற்கு முன்பு இழப்பு 2 சதவீதம்தான். அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பிய மீன்களைப் பார்த்தபோது சராசரியாக 18 சதவீதத்தில் பிட் டேக் இல்லை. அந்த இழப்பைத் திருத்திய பிறகும், பிட் டேக் போட்ட மீன்கள் போடாதவற்றைவிடச் சராசரியாக 10 சதவீதம் கூடுதலாகச் செத்திருந்தன. இரண்டும் சேர்ந்து, குஞ்சு பிழைத்துத் திரும்பும் விகிதத்தைக் கால்பங்கு குறைத்துக் காட்டியிருக்கின்றன. 2009-இல் இது வெளிவந்தபோது, பிட் டேக்கை நம்பி எழுதிய பழைய கணக்குகளை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. உங்கள் கணக்கில் டேக் இழப்பு மீனைக் கூட்டிக் காட்டுகிறது. அங்கே பிழைத்ததைக் குறைத்துக் காட்டியது. காரணம் ஒன்று, தோற்றம் இரண்டு.

சாவுக்கு வருகிறேன். டேக் போட்டதால் செத்த மீன் மிதந்து வந்து உங்களிடம் சொல்லாது. உச்சி வெயிலில் பிடித்தது, செவுள் வலையில் வெகுநேரம் தொங்கியது, காய்ந்த கையால் தொட்டது, செதில் உதிர்ந்த இடத்தில் பஞ்சு மாதிரி பூஞ்சை பிடித்தது என்று எத்தனையோ வகையில் அது நடக்கும். உங்கள் 400 மீனை எப்படிப் பிடித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. செவுள் வலையில் சிக்கியவற்றுக்கு டேக் போட்டிருந்தால் இழப்பை இன்னும் தாராளமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கம் இழுக்கும் ஒரு விஷயமும் உண்டு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டேக் செவுள் வலையின் கண்ணில் மாட்டும். வலைக்குள் தலை நுழையாத மீனும் டேக்கால் சிக்கலாம். அப்படி நடந்தால் டேக் மீன் அதிகமாகப் பிடிபட்டு, எண்ணிக்கை குறைவாகத் தெரியும். பரிசல்காரர்களிடம் மீன் எப்படிச் சிக்கியிருந்தது என்று கேளுங்கள். செவுளில் மாட்டியதா, நூலில் மாட்டியதா என்பதை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

சரி, மீதி நான்கு மாதத்தில் என்ன செய்வது? உங்கள் கல்லூரியில் மண்குளம் இருக்கும். அணையில் எடுத்த அதே அளவு கட்லாவில் 150 மீன் வாங்குங்கள். 100 மீனுக்கு நீங்களே, அதே துப்பாக்கியால், இரண்டிரண்டு டேக் போட்டு இடது வயிற்றுத் துடுப்பையும் வெட்டுங்கள். மீதி 50-ஐ அதேபோல் பிடித்து, அதே நேரம் கையில் வைத்திருந்து, டேக் போடாமல் வலது துடுப்பை மட்டும் வெட்டி விடுங்கள். இந்த ஐம்பதை வீண்செலவு என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். அவை இல்லாவிட்டால், செத்த மீன் டேக்கால் செத்ததா, பிடித்ததால் செத்ததா, குளத்துத் தண்ணீரால் செத்ததா என்று சொல்லவே முடியாது. பறவை எடுக்காமல் மேலே வலை கட்டுங்கள். முதல் ஐந்து நாள் 30 டேக் மீனையும் 15 வெறும் மீனையும் ஹாப்பாவில் (குளத்துக்குள் கட்டும் வலைத்தொட்டி) வைத்து உடனடிச் சாவைப் பாருங்கள், பிறகு குளத்திலேயே விட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்துத் தண்ணீரை வடித்து, ஒரு மீன் விடாமல் எடுங்கள். இடது துடுப்பு இல்லாத மீனில் டேக் எத்தனை என்பது இழப்பைச் சொல்லும். நூறில் எத்தனை மீன் வரவில்லை, ஐம்பதில் எத்தனை வரவில்லை என்ற வித்தியாசம் டேக் சாவைச் சொல்லும். அணையில் பிரிக்க முடியாத இரண்டும் குளத்தில் பிரிந்துவிடும். குளத்தில் செவுள் வலை இல்லை, முதலையில்லை, பாறையில்லை. அதனால் அங்கே கிடைக்கும் இழப்பு அணையில் நடப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். இதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, குளத்தில் 18 சதவீதம் டேக் விழுந்து, 15 சதவீதம் மீன் கூடுதலாகச் செத்தது என்று வைத்துக்கொள்வோம். 400-இல் உயிரோடும் டேக்கோடும் இருந்தது 279 தான். அதை 900-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் சுமார் 28,000. ஐம்பதாயிரத்தில் தொடங்கினோம். இந்த மூன்று மாதத்தில் குட்டி மீன்கள் வளர்ந்து வலையளவுக்கு வந்திருந்தால் அதையும் கழிக்க வேண்டும். கட்லா வேகமாக வளரும் மீன், குஞ்சு விட்ட தேதிகளைத் துறைப் பதிவேட்டில் பாருங்கள்.

அதோடு, 9 என்பது மிகச் சின்ன எண். இதே அணையில் இதே வேலையை மறுபடி செய்தால் தற்செயலாகவே 5 வரலாம், 15-உம் வரலாம். 5 என்றால் விடை 72,000, 15 என்றால் 24,000. அதனால் ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள், எல்லைகளோடு எழுதுங்கள். வழிகாட்டி ஒரே எண் கேட்டாலும், எல்லையைப் பக்கத்திலேயே போடுங்கள். உங்கள் எண்ணை வைத்து நாளைக்கு அந்த அணையில் எத்தனை பரிசலுக்கு உரிமம் தரலாம் என்று யாராவது முடிவு செய்யக்கூடும். அப்போது இல்லாத 20,000 மீனைத் தேடி வலை போடப்போவது "ஏம்மா வெறும் வலையோட வர்றோம்" என்று கேட்ட அதே மனிதர்கள்தான். அவர்கள் கேள்வியை ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் விருப்பம்.

கடைசியாக அந்தத் தழும்பு மீன். இப்போதைக்கு 9-ஐ 10 ஆக்காதீர்கள். 900 மீனையும் தழும்புக்காக நீங்கள் பார்க்கவில்லை. கண்ணில் தற்செயலாகப் பட்ட ஒன்றைச் சேர்த்தால் கணக்கு இன்னொரு பக்கம் சாயும். தனியாக எழுதி வையுங்கள், படமும் எடுங்கள். இனிமேல் தராசுக்கு வரும் ஒவ்வொரு கட்லாவையும் டேக் போட்ட பக்கத்தில், முதுகுத் துடுப்பின் அடியில் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். நூல் அறுந்து குறுக்குத்துண்டு உள்ளேயே தங்கியிருந்தால் தோலுக்கடியில் சிறு தடிப்பு தட்டுப்படும். முழுதாக உருவிப் போயிருந்தால் செதில் வரிசை அந்த ஓரிடத்தில் கலைந்து, புதுச் செதில் சிறிதாகவும் வடிவம் கெட்டும் முளைத்திருக்கும். அறுந்ததா, உருவியதா என்று தனித்தனியாகக் குறியுங்கள். அறுந்தது அதிகமென்றால் டேக்கின் தரத்தைப் பார்க்க வேண்டும். உருவியது அதிகமென்றால் அடுத்த தடவை துப்பாக்கியைப் பிடிக்கும் கையைப் பார்க்க வேண்டும்.